அரிசி மூட்டைத் தராசில் ஆறு பேர்

மே மாதக் கடைசியில் வந்த ரத்தப் பரிசோதனைத் தாளில், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 என்று இருந்தது. 5.7இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 ஆகிவிட்டால் நோயே என்று கணக்கு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறேன், உள்ளே காலை வைப்பதுதான் பாக்கி. வயது 47, எடை 71.6 கிலோ, இடுப்பு 94 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களுக்கு இடுப்பு 80ஐத் தாண்டக் கூடாதாம்.

"அரிசியைக் குறைங்க" என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக டாக்டர்கள் சொல்லிவரும் வசனம் இது. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைப்பது என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இந்தத் தடவை முதலில் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஜூன் முதல் வாரத்தில் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன்.

வாரம் 0: இருப்பது எவ்வளவு

ஒரு வாரம் எதையும் மாற்றவில்லை. வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, வாயில் வைப்பதற்கு முன் தட்டைத் தராசில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாதம் 340 கிராம். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு "கொஞ்சூண்டு". அந்தக் கொஞ்சூண்டு மட்டும் 90 கிராம். வெந்த சாதத்தில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து. ஆக, ஒரு வேளைச் சாதத்திலேயே 95.

மீதியையும் கூட்டினேன். காலையில் நாலு இட்லி, ஒன்றுக்குப் பத்து என்று 40. சர்க்கரை போட்ட டீ மூன்று, பாலையும் சேர்த்து 30. ராத்திரி மூன்று சப்பாத்தி 60. சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் ஒரு வடாபாவ், 40 என்று வைத்தேன். பருப்பு, காய்கறி 20. மொத்தம் 285 கிராம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. நான் சாப்பிடும் கலோரியில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் அதிலிருந்தே வருகிறது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்துதான் என்று ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2025இல் சொல்லியிருந்தது. சராசரி இந்தியனை பம்பாயில் எங்கள் செம்பூர் முழுக்கத் தேட வேண்டாம், எங்கள் சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

கூட்டு சேர்ந்தது

தனியாகச் செய்தால் நாலாம் நாள் விட்டுவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். இதற்கு முன் இரண்டு தடவை விட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்று சொல்லிவிட்டு மாம்பழத்தைக் கத்தியால் கீறிக்கொண்டிருப்பார். அதனால் ஆள் சேர்த்தேன்.

எங்கள் பில்டிங் மூன்றாம் மாடி மாமி, வயது 61, பத்து வருஷமாகச் சர்க்கரை, முட்டைகூடத் தொடாத சைவம். கீழே முக்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியும் அவர் வீட்டு அக்காவும். மான்குர்டில் ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைக்கும் ரயில் தோழி. நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் 29 வயதுத் தம்பி. ஜிம்முக்குப் போகிறவன், இதைப் பற்றி எல்லாம் தெரிந்தவன். அதுதான் அவனிடம் உள்ள குறை.

முதல் கூட்டத்தில் தம்பி வரலாறு சொன்னான். 1863இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டு இளைத்து, அதைச் சின்னப் பிரசுரமாகப் போட்டாராம். அவருக்குத் தொழில் பணக்காரர் வீட்டு இறுதிச் சடங்குகளுக்குச் சவப்பெட்டி முதலான ஏற்பாடுகள் செய்வது. மாமி கேட்டார்: "ஏண்டா, பொட்டி செய்யறவன் சொன்னதையா நாம கேக்கப் போறோம்?"

அளவில் தகராறு வந்தது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே போனால் குறைந்த மாவுச்சத்து உணவு என்பார்கள், 50க்கும் கீழே போனால் கீட்டோ. தம்பிக்கு 50 வேண்டும். மற்றவர்கள் 100 என்று வைத்துக்கொண்டோம். அரிசியை அடியோடு விடவில்லை. மதியம் ஒரு சின்னக் கிண்ணம், வெந்தது 80 கிராம், 22 கிராம் கார்ப், அதாவது மாவுச்சத்து. கிண்ணம் எல்லாருக்கும் ஒரே கிண்ணம். அக்கா கடையிலிருந்து ஆறு எவர்சில்வர் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். "ஏலா, இது பிள்ளைக்குச் சோறூட்டுத கிண்ணம்லா" என்று அண்ணாச்சி மட்டும் முணுமுணுத்தார்.

எடை பார்ப்பதற்கு அண்ணாச்சி கடைக் கோடவுன். அரிசி மூட்டை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு, சிவப்பு எழுத்தில் பெரிய எண்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒவ்வொருவராக ஏறி நிற்பது, தம்பி சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவது. எங்கள் எதிரியை நிறுத்துக் கொடுக்கும் தராசிலேயே நாங்களும் ஏறுகிறோம் என்பது அப்போது பெரிய வேடிக்கையாக இருந்தது.

வாரம் 1

இரண்டாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போக சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் இறங்கும்போது தலைவலி, படியில் கால் கனத்தது, ஃபைலில் எண்கள் நீந்தின. தோழிக்கும் அதே கதை.

காரணம் இதுதான். உடம்பு கல்லீரலிலும் தசையிலும் சில நூறு கிராம் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் அந்த இருப்பு கரைந்து தண்ணீர் வெளியே போகிறது. இன்சுலினும் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. தலைவலி பெரும்பாலும் அந்த உப்புக் குறைவால் வருவது. இரண்டு டம்ளர் நீர்மோர், நாள் முழுவதற்குமாக அரை டீஸ்பூன் உப்பு கூடுதல், எலுமிச்சை. ஐந்தாம் நாள் தெளிந்துவிட்டது. அண்ணாச்சிக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை உண்டு, அவருக்கு இந்த உப்பு வைத்தியம் வேண்டாம் என்று நிறுத்திவைத்தோம். அவர் டாக்டரைக் கேட்டபோது மாத்திரை அளவையே பார்க்க வேண்டும் என்றாராம். உப்பும் தண்ணீரும் வெளியேறும்போது கொதிப்பும் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை தராசில் நான் 2.4 கிலோ குறைந்திருந்தேன். கோடவுனில் கைதட்டல். தம்பி 3.1. அதில் முக்கால்வாசி தண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பின்னால் வந்த வம்பு அங்கேதான் தொடங்கியது.

காலிஃப்ளவர்

சாதத்துக்குப் பதிலாகக் காலிஃப்ளவர். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன். மூன்று தடவை கெடுத்தபின் கைவந்தது.

முதல் தடவை பூவைத் துருவி, குக்கரில் ஒரு விசில் விட்டேன். வெறும் கூழ். வாடை இரண்டு மாடி ஏறி, "யார் ஆத்துல என்ன கருகறது?" என்று மாமியையே கீழே இறக்கிவிட்டது. இரண்டாம் தடவை மிக்ஸியில் அடித்தேன். பாதி மாவு, பாதி கட்டி. மூன்றாம் தடவை துருவலெல்லாம் சரி, மூடி போட்டு வேகவைத்தேன். ஆவி இறங்கி மறுபடி கூழ்.

சரியாக வந்த விதம் இது. ஒரு கிலோ பூ வாங்கினால் தண்டும் இலையும் போக 600 கிராம் தேறும். மஞ்சளும் உப்பும் போட்ட சுடுதண்ணீரில் பத்து நிமிஷம். மழைக்காலப் பூவில் புழு இல்லாமல் இருக்காது. எடுத்து, மின்விசிறிக்கு அடியில் வேட்டித் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் உலர்த்த வேண்டும். ஜூலை பம்பாயில் இரண்டு மணி நேரம். அப்புறம் தேங்காய்த் துருவியில் பெரிய கண் உள்ள பக்கத்தில் துருவி, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். அரை டம்ளர் தண்ணீர் வரும். நம்பவே முடியாது. இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்தபின், எண்ணெய் இல்லாமல், மூடாமல், ஒரு நேரத்தில் இரண்டு கைப்பிடிக்கு மேல் போடாமல் நாலு நிமிஷம் வறுத்தால் போதும். சட்டியில் "உஸ்" என்ற சத்தம் அடங்கி "கரகர" என்று மாறும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும்.

சாம்பாருக்கு இது சரிப்படாது, யார் என்ன சொன்னாலும் சரி. தயிருக்குப் பிரமாதம். ஆறவைத்து, புளிக்காத கெட்டித் தயிர் விட்டு, கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் கொஞ்சம் தாராளமாகவே தாளித்துக் கொட்டி, இரண்டு ஸ்பூன் சாதத்தையும் குழைத்துச் சேர்த்தால் நாக்கு ஏமாந்துவிடுகிறது. 100 கிராம் காலிஃப்ளவரில் 5 கிராம்தான் கார்ப், அதிலும் இரண்டு நார். மாமி ஒரு வாய் வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "தயிர் நன்னா இருக்கு" என்றார். பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கிண்ணத்தைக் கழுவித் தரும்போது உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லை.

மற்றதெல்லாம் சுலபம். நம் இலையில் எல்லாம் இருக்கிறது, அளவுதான் தலைகீழ். சாதத்தைத் தொட்டுக்கொள்கிற அளவுக்கும் பொரியலைப் பிசைந்து சாப்பிடுகிற அளவுக்கும் மாற்றினால் போதும். கீரை மசியல், வெண்பூசணி மோர்க்குழம்பு, முட்டைகோஸ் பொரியல், தேங்காயோடு கோவைக்காய். வாழைக்காயும் சேனையும் இல்லாத அவியல். மாமிக்குப் பன்னீரும் நிலக்கடலையும். அண்ணாச்சி வீட்டில் பாங்டா மீன் வறுவல், அவர் ஊர்ப்பேரில் அயிலை. ஆதிமனிதர் உணவு என்று தானியத்தை விட்டுவிடும் தமிழ்நாட்டுப் பேலியோக்காரர்கள் காலையில் நூறு பாதாம் சாப்பிடுவார்களே, அதைத் தம்பி ஒரு வாரம் செய்து பார்த்தான். நூறு பாதாம் ஏறக்குறைய 120 கிராம், 700 கலோரி. வயிறு நிறைந்தது, பர்ஸ் காலியானது.

சிறுதானியச் சோதனை

இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து அண்ணாச்சி கடையில் சாமை, தினை, வரகுக்குத் தனி அலமாரி. "அரிசிக்குப் பதில் இதைத் தின்னா ஆச்சு" என்பது அவர் கட்சி.

மாமியின் குளுகோமீட்டரை வாங்கி, மூன்று நாள் மூன்று காலை உணவு, ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு மணி நேரம் கழித்து விரல் நுனியில் ஒரு குத்து. மூன்று இட்லியும் சாம்பாரும்: 182. சாமை உப்புமா ஒரு தட்டு: 176. இரண்டு முட்டை, கீரை, அரைக் கிண்ணம் சாதம்: 129. இது என் உடம்பில் நான் கண்டது, ஊருக்கான சட்டம் இல்லை. ஆனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பச்சரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் சிறுதானியங்களில் 60லிருந்து 70 வரை. நாரும் தாதுக்களும் கூடுதல், அது நல்லதுதான். அதற்காகத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் அரிசி போன வழியில்தான் அதுவும் போகும். அண்ணாச்சி மீட்டரையே முறைத்துப் பார்த்துவிட்டு, "அலமாரியை எடுக்கமாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார். எடுக்கச் சொல்லவில்லையே.

வாரம் 3, 4: உடைந்தது

மூன்றாம் ஞாயிறு நான் குறையவே இல்லை. நாலாம் ஞாயிறு 300 கிராம் கூடியிருந்தேன். தோழி 400 கூடியிருந்தாள். தண்ணீர் போனபின் உண்மையான குறைவு மெதுவாகத்தான் நடக்கும், பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டித் தண்ணீர் ஏறி இறங்கும். இதெல்லாம் பின்னால் யோசித்தது. அன்று கோடவுனில் சிவப்பு எண் மின்ன, தம்பி உரக்கப் படித்துவிட்டு, "அக்கா, ஏதோ ஏமாத்துறீங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சுவரில் தாள் வேறு தொங்குகிறது. மூட்டை இறக்க வந்த பையன்கள்கூட அதைப் படிப்பார்கள்.

ஐந்தாம் ஞாயிறு தோழிக்குத் தலைவலி. மாமிக்குச் சொந்தக்காரர் வருகை. அக்காவுக்குக் கோயில். நானும் தம்பியும் அண்ணாச்சியும் மட்டும் நின்றோம், நானும் போயிருக்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டு.

திங்கட்கிழமை ரயிலில் தோழியைக் கேட்டேன். குர்லா தாண்டி வடாலா வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்: சனிக்கிழமை ராத்திரி சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தாளாம். ஞாயிறு எடை குறைய. எடை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனதும் பசி தாங்காமல் நாலு பாவ் தின்றாளாம். "யார்கிட்டயும் சொல்லிராத." நான் என் பங்குக்கு, ஆபீஸில் ஒருத்தர் பிறந்தநாள் கேக்கை டிராயரில் வைத்து இரண்டு நாள் தின்றதைச் சொன்னேன். காட்டன் கிரீன் வருவதற்குள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கூட்டாக இருந்து நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒருவரிடம் ஒருவர் மறைப்பதை மட்டும்தான்.

ரிப்பேர்

அன்று சாயங்காலம் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து பேசினோம். தராசை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கல்லாவுக்கு அடியிலிருந்து பற்று நோட்டை எடுத்து வைத்தார். நீளவாக்கில் சிவப்புத் துணி அட்டை, வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். "கடன் வாங்குதவன் பத்து எழுத வெக்கப்பட்டா கடைக்கே வரமாட்டான். வரவு என்னைக்காவது வரும். பத்தை மட்டும் அன்னன்னைக்கு எழுதிப்புடணும்."

புதிய பற்று நோட்டு ஒன்று போட்டோம். எடை எழுதுவது இல்லை. தின்றது மட்டும். காலை, மதியம், மாலை, ராத்திரி நாலு கட்டம், பக்கத்தில் கார்ப் உத்தேசம். அளவு மீறினால் அடிக்கோடு கிடையாது, கேள்வி கிடையாது. நோட்டு ஒரு வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். ரயிலில் தோழியிடம் கைமாறும். எடை வேண்டுமானால் அவரவர் வீட்டில், மாதத்துக்கு ஒரு தடவை, சொல்ல வேண்டாம். சுவரில் இருந்த தாளைத் தம்பியே கிழித்தான். பாவம், அவனுக்கு வருத்தம்தான்.

முதல் பக்கத்தில் முதல் பற்று தோழியுடையது. "பாவ் 4, மறைத்தது. கார்ப் 80." அதற்குக் கீழே நான்: "கேக், இரண்டு நாள், அளக்கவில்லை." அதற்கும் கீழே மாமியின் சாய்ந்த கையெழுத்தில்: "பதினைந்து நாளாக ராத்திரி அரிசி உப்புமா. சொல்லவில்லை."

வாரம் 6: மாமியின் ஏகாதசி

மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கவேண்டும் என்பது முதல் நாளே போட்ட விதி. மாமி "ஃபோன்ல சொல்லிட்டேன்" என்றிருந்தார்.

ஏகாதசி அன்று ஞாயிறு. முறைப்படி நோட்டை மாமியிடம் கொடுக்க பதினோரு மணிக்கு மேலே போனேன். கதவு திறந்தபடி இருந்தது. மாமி சோபாவில் உட்கார்ந்திருந்தார், மேல்உதட்டில் முத்து முத்தாக வியர்வை, கையில் பிடித்திருந்த ஸ்தோத்திரப் புத்தகம் ஆடிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லடி, உபவாசம்." பேச்சு குழறியது. மீட்டரை எடுத்துக் குத்தினேன். 58. எழுபதுக்குக் கீழே போனாலே அபாயம்.

மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். ஐந்து வாரமாக நாங்கள் கண்ணிலேயே படவிடாத அதே சர்க்கரை. பதினைந்து நிமிஷம் கழித்து 66. மறுபடி மூன்று ஸ்பூன். மறுபடி பதினைந்து நிமிஷம். 88. கை நின்றது. "மாமி, காலையில மாத்திரை போட்டேளா?" "போடாம? எட்டு மணிக்கே போட்டேனே." குடித்தது ஒரு டம்ளர் பால். போட்டது மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும். இரண்டாவது மாத்திரை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைப்பது. தட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும், சீக்கிரம் ஓயவும் ஓயாது. சர்க்கரைத் தண்ணீரோடு விட்டால் மறுபடி இறங்கும், ஏதாவது சாப்பிட்டே ஆகவேண்டும். ஏகாதசியில் சாதம் மாட்டேன் என்று பிடிவாதம். இரண்டு வாழைப்பழத்தில் சமரசம்.

டாக்டருக்கு ஃபோன் போட்டேன். மாமி எதையும் சொல்லியிருக்கவில்லை. கிளிமெபிரைடை நிறுத்தி, மெட்ஃபார்மினை மட்டும் தொடரச் சொன்னார், இரண்டு நாளில் நேரில் வரச் சொன்னார். அவரே கேட்டார்: "உங்க கூட்டத்துல டாபாகிளிஃபுளோசின் யாராவது சாப்பிடறாங்களா?" சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை அது. அதோடு மாவுச்சத்தையும் ரொம்பக் குறைத்தால், மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரலாமாம். விசாரித்தால் அக்கா சாப்பிடுகிறார். அதன் பேர்கூட எங்களுக்குத் தெரியாது, "காலையில போடுத மஞ்சள் மாத்திரை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றோடு அக்காவின் குறைப்பை நிறுத்தினோம். அவர் டாக்டரைப் பார்த்து வந்தபின் 130க்குக் கீழே போவதில்லை என்று ஏற்பாடு.

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டோம்: மாத்திரை.

ஆடி, மழை

ஆடியில் அண்ணாச்சி ஊரில் கோயில் கொடைக்குப் போய்விட்டு பத்து நாள் கழித்து வந்தார். நோட்டை வாங்கி, நின்றபடியே பத்து நாள் பற்றையும் எழுதினார். கிடாக்கறி, சோறு, சோறு, சோறு. ஓரிடத்தில் "அல்வா கால்கிலோ", அடுத்த வரியில் "மேற்படி". யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலைக் கட்டத்தில் "முட்டை 3, காபி சீனியில்லாம" என்று இருந்தது. பழைய ஏற்பாடாக இருந்தால் அவர் ஒரு மாதம் கோடவுன் பக்கம் வந்திருக்கமாட்டார், அது அவர் கோடவுனே ஆனாலும்.

மழை பிடித்துக்கொண்டதும் காலிஃப்ளவர் விலை இரட்டிப்பானது, பூவும் கறுத்தது. முட்டைகோஸுக்கு மாறினோம், பொடியாக நறுக்கி அதே இரும்புச் சட்டி முறை. எலுமிச்சைச் சாதம் மாதிரி தாளித்தால் பரவாயில்லை. மலச்சிக்கல் எல்லாருக்குமே கொஞ்சம் வந்தது, எழுத வெட்கம், ஆனால் நோட்டில் வந்துவிட்டது. கீரையை இரட்டிப்பாக்கி, ராத்திரி ஒரு ஸ்பூன் இசப்கோலைத் தண்ணீரில் போட்டுக் குடித்ததும் சரியாயிற்று.

வாரம் 13

ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால் அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. செப்டம்பரில் பார்த்தேன். 6.2 இப்போது 5.8. இன்னும் வாசற்படியில்தான், ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டேன். ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 212லிருந்து 138. இடுப்பு 94லிருந்து 87. எடை 66.9. கெட்ட கொழுப்பு எல்.டி.எல். மட்டும் 121லிருந்து 134க்கு ஏறியிருந்தது. சிலருக்கு இந்த உணவில் அப்படி ஏறுமாம். நெய்யைக் குறைத்துக் கடலையும் மீனும் கூட்டி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாமிக்கு 7.9 இருந்தது 6.9, அதுவும் ஒரு மாத்திரை குறைந்த நிலையில். தோழி பரிசோதனை செய்யவில்லை, செய்யும்போது செய்யட்டும். தம்பி ஏழு கிலோ இளைத்துவிட்டு, பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டான். அவன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

கணபதிக்குப் பக்கத்து ஃபிளாட் மராட்டிக்காரம்மா உகடிச்சே மோதக் கொண்டுவந்தார், நெய் சொட்டச் சொட்ட. நம் கொழுக்கட்டையின் அக்கா. ஒன்றை முழுதாகச் சாப்பிட்டேன், இரண்டாவதைப் பாதி. மேல்மாவு, வெல்லம், தேங்காய் எல்லாம் பிரித்து நிறுக்க முடியாததால் உத்தேசமாக 30 என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில் மாமி: "கொழுக்கட்டை 5. நைவேத்யம். கணக்கில் வராது." ஆனால் ஓரத்தில் பென்சிலில் 75 என்றும் போட்டிருந்தார்.

இப்போது நவராத்திரி வருகிறது. ஒன்பது நாள் சுண்டலை எப்படி எழுதுவது என்பதில் பெங்களூரிலிருந்து ஃபோனில் தம்பிக்கும் இங்கே மாமிக்கும் தகராறு. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 27 கிராம் மாவுச்சத்து, அதில் ஏழரை நார். நாரைக் கழித்துவிட்டு எழுதலாம் என்கிறான் அவன். "கழிக்கறதெல்லாம் வேண்டாம்டா, முழுசா எழுது, அப்பதான் ரெண்டாவது தொன்னைக்குக் கை நீளாது" என்கிறார் மாமி. அண்ணாச்சி கொண்டைக்கடலை மூட்டைக்குச் சொல்லிவைத்துவிட்டார். வந்த மூட்டையைப் பழைய தராசில் ஏற்றி நிறுத்தபோது முப்பது கிலோவுக்கு 400 கிராம் குறைந்ததாம். மொத்த வியாபாரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.